கறிக்கடை நடத்தட்டும் கல்லூரி மாணவர்கள்

செவ்வாய்க்கிழமை பொழுது விடிவதற்கு முன்பே திருப்புவனம் ஆட்டுச் சந்தை கூடிவிடுகிறது. வைகைக் கரையோரத்துக் கிராமங்களிலிருந்தும், மானாமதுரை, இளையான்குடி பக்கத்து மானாவாரிப் பூமியிலிருந்தும் ஆடுகள் வந்து இறங்குகின்றன. தீபாவளி, பக்ரீத், ஆடி மாதத்துக் கிடாவெட்டு என்று விசேஷ நாட்கள் நெருங்கினால் கால் வைக்க இடம் இராது. வாங்க வருகிறவர் ஆட்டின் முதுகெலும்பின் மேல் விரலால் அமுக்கிப் பார்க்கிறார். தொடைச் சதையைப் பிடித்துப் பார்க்கிறார். பல்லைப் பார்க்கிறார். முன்னங்கால் இரண்டையும் பிடித்து லேசாகத் தூக்கிக் கனம் பார்க்கிறார். பிறகு தரகர் குறுக்கே வருகிறார். துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசி முடிக்கப்படுகிறது. இவ்வளவும் நடக்கிற இடத்தில் தராசு மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

அதே ஆடு ஞாயிற்றுக்கிழமை காலை காரைக்குடியில் ஒரு கறிக்கடையில் தொங்குகிறது. அங்கே தராசு இருக்கிறது. அதுவும் கிராம் கணக்குக் காட்டும் மின்னணுத் தராசு. அரைக் கிலோ கேட்டவருக்கு ஐநூற்றுப் பத்து கிராம் விழுந்தால் அந்தப் பத்து கிராமை எடுத்துவிட்டுத்தான் கட்டிக் கொடுக்கிறார்கள். உயிரோடு இருந்த வரையில் கண் மதிப்பு, கறியான பிறகு கிராம் கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆடு வளர்க்கும் சிறு விவசாயியின் வருமானம் எங்கோ காணாமல் போகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு வெள்ளாட்டுக் கிடா உயிரோடு 25 கிலோ இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். தலை, கால், தோல், குடல், ரத்தம் எல்லாம் போக, எலும்போடு கூடிய கறி சாதாரணமாக உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தேறும். நூற்றுக்கு 46 பங்கு என்றால் பதினொன்றரைக் கிலோ. கணக்கின் வசதிக்காகக் கறி கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9,200 ரூபாய். தலை, கால், ஈரல், குடல், தோல் இவற்றின் விலை தனி. இப்போது சந்தையில் அந்தக் கிடாவை 22 கிலோ என்று கண்ணால் மதிப்பிட்டுவிட்டால் என்ன ஆகும்? மூன்று கிலோ உயிர் எடை என்பது ஏறத்தாழ 1,400 கிராம் கறி. ஆயிரத்து நூறு ரூபாய் ஒரே ஒரு பார்வையில் கை மாறிவிட்டது. அந்தக் கிடாவை ஏழெட்டு மாதம் வேலியோரமும் கண்மாய்க் கரையிலும் மேய்த்தவருக்கு அந்தப் பணம் சேரவில்லை; ஞாயிற்றுக்கிழமை கறி வாங்குகிறவருக்கும் அதனால் ஒரு பைசா குறையவில்லை.

நூறு ஆடு வைத்திருப்பவருக்கு இந்த நஷ்டம் பெரிதாகத் தெரியாது. அவருக்கு வியாபாரிகளே பட்டிக்கு வருவார்கள், அவரும் நாலு சந்தை விலை தெரிந்தவராக இருப்பார். நாலு ஆடு, ஆறு ஆடு வைத்திருப்பவர்கள்தான் அடிபடுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு ஆளுக்கு நாலு ஆடு வீதம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. வளர்க்க ஆடு கொடுத்த திட்டம், வளர்ந்த ஆட்டை எடை போட்டு வாங்க ஒரு இடம் கொடுக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறி ஆடுகளும் இருக்கின்றன. பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம், ஆஸ்பத்திரிச் செலவு, விதைக் கடலை வாங்கும் பணம் என்று அவசரம் வந்த அன்றைக்குத்தான் இவற்றில் பல விற்பனைக்குப் போகின்றன. அவசரத்தில் விற்பவருக்குப் பேரம் பேச வாய் வராது.

இந்த நிலையில், பல்கலைக்கழகங்களில் மாணவர்களே நடத்தும் கறிக்கடை என்னும் ஏற்பாடு சிறு விவசாயிகளுக்கு எந்த வகையில் உதவக்கூடும் என்பதை ஆலோசிப்பது நல்லது. படிக்கிற பிள்ளைகள் கறி வெட்டுவதா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். ஆனால் இது புதிய யோசனையும் அல்ல, விநோதமான யோசனையும் அல்ல.

அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டு போடப்பட்ட ஒரு சட்டத்தின் கீழ், மாகாணங்களுக்கு நிலம் ஒதுக்கி விவசாயக் கல்லூரிகள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றில் பல இன்று பெரிய பல்கலைக்கழகங்களாக வளர்ந்துவிட்டன. ஆனாலும் பன்றி, மாடு, ஆடு வளர்ப்பதையும் வெட்டுவதையும் விற்பதையும் கற்றுக்கொடுப்பதை அவை விடவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாடிசன் வளாகத்தில் மாணவர்கள் நடத்தும் இறைச்சிக் கடையில் ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் போய் வாங்கலாம். பாடத்துக்காக வெட்டிய பிராணியின் இறைச்சியை வீணாக்காமல் விற்பதில் தொடங்கியவை இத்தகைய கடைகள். நாளடைவில் கடையே பாடமாகிவிட்டது. எந்தப் பாகம் முதலில் விற்கும், எது தேங்கும், எவ்வளவு ஐஸ் செலவு, எவ்வளவு மின்சாரம் என்பதையெல்லாம் எந்தப் புத்தகமும் கடையைப்போல் சொல்லிக் கொடுக்காது.

இவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் திருச்சூர். அதன் அருகே மண்ணுத்தியில் 1955-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அங்குள்ள இறைச்சித் தொழில்நுட்பப் பிரிவில் சோதித்த பிராணிகளை வெட்டி, குளிர்வித்து, சுத்தமாகப் பொதிந்து பொதுமக்களுக்கு விற்கிறார்கள். மாணவர்களுக்கு அதுவே பயிற்சிக்கூடமும் ஆகிறது. தமிழ்நாட்டில் 1903-ல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி வளாகத்தில் இறைச்சி அறிவியலுக்கென்றே தனித் துறை உண்டு. கால்நடை மருத்துவப் பட்டப் படிப்பில் பிராணியை வெட்டுமுன் சோதிப்பது, வெட்டிய பின் உறுப்புகளைச் சோதிப்பது, இறைச்சியைப் பதப்படுத்துவது எல்லாம் கட்டாயப் பாடங்கள். தொழில் நடத்தும் பயிற்சியும் பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. விவசாயக் கல்லூரிகளிலும் கடைசி ஆண்டு மாணவர்கள் காளான் வளர்த்து விற்கிறார்கள், நாற்று விற்கிறார்கள், மண்புழு உரம் விற்கிறார்கள். அதில் கிடைக்கும் லாபத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. காளான் விற்கலாம் என்றால் கறி விற்பதில் மட்டும் என்ன கௌரவக் குறைவு?

செட்டிநாட்டில் என்ன இருக்கிறது?

செட்டிநாடு என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் எந்தத் தெருவில் பார்த்தாலும் செட்டிநாடு பெயரைப் பலகையில் எழுதிய ஓட்டல் ஒன்று இருக்கிறது. மிளகுக் கோழி, சுக்கா வறுவல், உப்புக்கண்டம் என்று ஊரின் பெயர் உலகம் முழுவதும் விற்பனையாகிறது. ஆனால் அந்தப் பெயரால் காரைக்குடிக்கும் கல்லலுக்கும் இடையே ஆடு மேய்க்கிறவருக்கு ஒரு காசு அதிகம் கிடைத்ததாகத் தெரியவில்லை. காப்பிக்குத் தோட்டத்தின் பெயர் சொல்கிறார்கள், அரிசிக்கு ஊர்ப் பெயர் சொல்கிறார்கள். கறிக்கு மட்டும் சமையலின் பெயர்தான் உண்டு, ஆட்டின் பெயர் இல்லை. இத்தனைக்கும் ராமநாதபுரம் வெள்ளை என்று தனியாகப் பெயர் பெற்ற செம்மறி இனம் இந்தச் சீமைக்கு உரியது. கோடையில் கீதாரிகள் தஞ்சாவூர் வரை ஓட்டிச் சென்று கிடை போடும் மந்தைகளில் இந்த ஆடுகளை இன்றும் பார்க்கலாம். சீமைக்கருவேல நெற்றைத் தின்றும் வறட்சியைத் தாங்கியும் எடை போடுகிற ஆடு இது. இதன் கறிக்கென்று ஒரு மவுசு உண்டாக்க இதுவரை யாரும் முயலவில்லை.

முயல்வதற்கான வசதி இல்லாமல் இல்லை. செட்டிநாடு ரயில் நிலையத்தை ஒட்டி, ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அரசாங்கக் கால்நடைப் பண்ணை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து விமான ஓடுபாதை ஒன்றும் அதற்குள் கிடக்கிறது. விமானம் வருகிறதோ இல்லையோ, மாடு மேய நல்ல இடம். அங்கேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விவசாயக் கல்லூரி 2022-ல் தொடங்கப்பட்டது. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஆக, மேய்ச்சல் நிலம் ஒருவரிடம், மாணவர்கள் ஒருவரிடம், விவசாயிகளோடு பழக்கம் ஒருவரிடம் என்று மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இல்லாதது கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றுதான்.

இது சிறிய குறை அல்ல. விவசாயக் கல்லூரி மாணவர் ஆட்டுக்குத் தீவனக் கணக்குப் போடலாம், கடைக் கணக்கு எழுதலாம், விலை நிர்ணயம் செய்யலாம். ஆனால் வெட்டிய ஆட்டின் ஈரலைப் புரட்டிப் பார்த்து, இதில் தட்டைப்புழு இருக்கிறது, இது விற்கக்கூடாது என்று ஒதுக்கும் அதிகாரமும் படிப்பும் கால்நடை மருத்துவருக்கே உரியது. ஆகவே இந்தக் கடை நடக்க வேண்டுமானால் கால்நடைப் பராமரிப்புத் துறை ஒரு மருத்துவரை அதற்கென்று ஒதுக்கியாக வேண்டும். இறுதியாண்டுக் கால்நடை மருத்துவ மாணவர்கள் சிலரைப் பயிற்சிக் காலத்தில் செட்டிநாட்டுக்கு அனுப்ப அந்தப் பல்கலைக்கழகம் சம்மதிக்க வேண்டும். இரண்டும் ஒரே பல்கலைக்கழகமாக இருந்து, 1989-ல்தான் கால்நடைப் பல்கலைக்கழகம் தனியாகப் பிரிந்தது. பாகம் பிரிந்த அண்ணன் தம்பி ஒரு கறிக்கடைக்காகச் சேர்ந்துகொண்டால் குடி முழுகிவிடாது.

சூட்டுக்கறியும் ஐஸ் கறியும்

கடை என்று வந்துவிட்டால் வாங்குகிறவர் மனம் முக்கியம். காரைக்குடி வட்டாரத்தில் கறி என்றால் கண் முன்னே தோலுரித்து, இன்னும் சூடு ஆறாமல் வெட்டிக் கொடுப்பதுதான் புதிய கறி என்ற நம்பிக்கை வேரூன்றி இருக்கிறது. குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்தால் பழைய கறி என்று சந்தேகப்படுவார்கள். இந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விற்காமல் போனதைப் பெட்டியில் போட்டு மறுநாள் புதிதென்று விற்ற அனுபவம் ஊரில் எல்லோருக்கும் உண்டு.

ஆனால் இறைச்சி அறிவியல் சொல்வது வேறு. வெட்டிய சில மணி நேரத்துக்குள் சதை விறைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் சமைத்தால் எவ்வளவு வேகவைத்தாலும் கறி நாராகத்தான் இருக்கும். விறைப்பு முழுவதும் ஏறி இறங்கின பிறகு, சதையிலேயே இருக்கும் சில பொருட்கள் நார்களைத் தளர்த்துகின்றன. இதற்கு ஒரு நாள் பிடிக்கும். அதுவரை நாலு டிகிரி செல்சியஸ் அளவில் குளிரில் தொங்கவிட்டால் கறி கெடாமலும் இருக்கும், மிருதுவாகவும் ஆகும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆட்டின் உடலில் கொழுப்புப் போர்வை மெல்லியது; வெட்டியவுடன் நேராகக் கடுங்குளிரில் தள்ளினால் சதை சட்டென்று சுருங்கிக்கொண்டு செருப்புத்தோல் மாதிரி ஆகிவிடும். முதலில் சில மணி நேரம் மிதமான குளிர்ச்சியில் தொங்கவிட்டு, பிறகுதான் நாலு டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் கறி நன்றாக இராது என்று பாட்டிமார் சொல்வதற்கு உள்ளர்த்தம் இதுவாகவும் இருக்கலாம். வீட்டுப் பெட்டியில் சூட்டோடு சூடாகக் கறியை உறைய வைக்கிற வழக்கத்தையும் இதனால் கைவிடுவது நல்லது.

வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதும் இருக்கிறது. லாரியில் நெருக்கியடித்து ஏற்றி வந்த ஆட்டை இறக்கியவுடனே அறுத்தால் கறி கறுத்து, பிசுபிசுவென்று இருக்கும், சீக்கிரமும் கெட்டுப்போகும். பயமும் களைப்பும் சதையில் இருக்கும் சத்தைத் தின்றுவிடுவதே காரணம். ஆட்டை முந்தின நாளே கொண்டுவந்து, நிழலில் கட்டி, தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் தாராளமாகக் காட்டி ஓய்வு கொடுக்க வேண்டும். பக்கத்துக் கிராமத்து ஆடு என்றால் பிரயாணமே அரை மணி நேரம்தான். உள்ளூர்க் கறி ருசி என்று சொல்வது வெறும் ஊர்ப் பாசம் அல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றையெல்லாம் ஒரு கடைக்காரர் தனியாக நின்று ஊருக்குப் புரியவைக்க முடியாது. கல்லூரி செய்தால் எடுபடும். கடை வாசலில் ஒரு கரும்பலகை போதும்: இன்றைக்கு வெட்டிய ஆடு எந்தக் கிராமத்து ஆடு, வெள்ளாடா செம்மறியா, கிடாவா பெட்டையா, எப்போது வெட்டியது, சோதித்த மருத்துவர் யார். செம்மறிக் கறியை வெள்ளாட்டுக் கறி என்று விற்கிறார்கள் என்ற புகார் எல்லா ஊரிலும் உண்டு. அதற்காகத்தானே வெட்டிய ஆட்டில் வாலை மட்டும் விட்டுவைத்துத் தொங்கவிடும் வழக்கம் ஏற்பட்டது. வால் சொன்னதை இனிப் பலகை விவரமாகச் சொல்லும்.

கிராமத்துக்கு இந்த நம்பிக்கை புதிதல்ல. தீபாவளிக்கு முதல் நாள் பத்து வீட்டார் சேர்ந்து ஒரு கிடாவை வாங்கி, வெட்டி, பனையோலையிலும் வாழை இலையிலும் கூறு போட்டுப் பிரித்துக்கொள்வது இன்றைக்கும் நடக்கிறது. ஈரலில் ஒரு துண்டு, நெஞ்செலும்பில் ஒரு துண்டு, குடலில் ஒரு முழம் என்று எல்லாக் கூறுக்கும் எல்லாமும் விழும். ஆடு யார் வீட்டு ஆடு என்று எல்லோருக்கும் தெரியும். அது சீக்கு வந்து படுத்ததா இல்லையா என்பதும் தெரியும். அந்தக் கூறுக்கறியின் நம்பிக்கையை டவுனுக்குக் கொண்டுவருவதுதான் மாணவர் கடையின் வேலை.

இடிக்கிற இடங்கள்

கல்லூரிக் கடைகளில் வழக்கமாக நேரும் குறைகளையும் பார்த்துவிட வேண்டும். பல இடங்களில் இவை வளாகத்துக்குள் ஒரு மூலையில், வாரத்தில் ஏதோ ஒரு நாள், அலுவலர்கள் வாங்கித் தீர்ந்தது போக மிச்சம் இருந்தால் வெளியாருக்கு என்கிற முறையில் நடக்கின்றன. சொந்தப் பண்ணையில் கழித்த ஆடு கோழிகளை விற்பதோடு சரி. இப்படி நடந்தால் விவசாயிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. செட்டிநாட்டில் கடை வந்தால் அது பண்ணை ஆட்டை விற்கும் கடையாக இருக்கக்கூடாது; சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகளின் ஆட்டை உயிர் எடைக்கு வாங்கி விற்கும் கடையாக இருக்க வேண்டும். வாங்கும் விலையை முந்தின நாளே எழுதிப்போட வேண்டும். வாரம் பத்து ஆடு வாங்கினாலும் போதும். தராசில் நிறுத்திக் கிலோவுக்கு இன்ன விலை என்று ஒரு இடத்தில் பகிரங்கமாகக் கொடுக்கத் தொடங்கினால், பட்டிக்கு வரும் வியாபாரியிடம் அந்த விலையைச் சொல்லிப் பேச மற்றவர்களுக்கும் வாய் வரும்.

அடுத்தது விலை. அரசாங்கச் சம்பளம், அரசாங்கக் கட்டடம், அரசாங்க மின்சாரம் என்று வைத்துக்கொண்டு வெளிக்கடையைவிடக் கிலோவுக்கு நூறு இருநூறு குறைத்து விற்பது சுலபம். அப்படிச் செய்யக்கூடாது. கறிக்கடைக்காரர்கள் விவசாயிக்கு விரோதிகள் அல்ல; ஆண்டு முழுவதும் ஆடு வாங்குகிறவர்கள் அவர்களே. விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து, விற்றால் லாபம், மழை பெய்து கூட்டம் வராவிட்டால் நஷ்டம் என்று பிழைக்கிறவர்கள். அவர்களை நசுக்கிவிட்டு மூன்றாம் வருஷம் கல்லூரிக் கடையும் நிதி இல்லை என்று மூடிக்கொண்டால் ஆடு வைத்திருப்பவர் கதி என்ன? ஊர் விலைக்கே விற்கட்டும். சுத்தத்தாலும் சரியான எடையாலும் பேர் வாங்கட்டும்.

உண்மையில் அனுபவமுள்ள ஒரு கறிக்கடைக்காரரையே மாணவர்களுக்கு வாத்தியாராக வைக்க வேண்டும். தோலில் கத்தி படாமல் உரிப்பது எப்படி என்று பட்டம் பெற்ற பேராசிரியரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கத்தி பட்டுக் கீறிய தோலுக்குத் திண்டுக்கல் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் விலை விழுந்துவிடும். ஹலால் முறையில் அறுப்பவர் ஒருவர் இருப்பதும் அவசியம். இல்லாவிட்டால் ஊரில் ஒரு பகுதி மக்கள் அந்தக் கடைப் பக்கமே வரமாட்டார்கள். பதிலுக்கு மாணவர்கள் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் சில உண்டு: வெட்டும் கட்டையை உப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவுவது, குடல் கழுவும் இடத்தையும் கறி வெட்டும் இடத்தையும் பிரித்து வைப்பது, கழிவைச் சாக்கடையில் விடாமல் குழியில் மக்கவைப்பது போன்றவை.

இன்னொரு கஷ்டம், மாணவர்கள் நிரந்தரமானவர்கள் அல்ல. பரீட்சை வந்தால் கடை மூடும், லீவு விட்டால் கடை மூடும், தொழில் பழகுவதற்குள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். ஆகவே ஒரு நிரந்தர மேலாளர் இல்லாமல் இது நடவாது. கார்த்திகை, புரட்டாசி மாதங்களில் கறி விற்பனை படுத்துவிடும் என்பதால் அந்த நாட்களைப் பரீட்சைக்கும் கருவிகளைச் செப்பனிடுவதற்கும் வைத்துக்கொள்ளலாம். புரட்டாசியில் விற்காத ஆட்டை ஐப்பசி வரை தீவனம் போட்டு வைத்திருந்து தீபாவளிக்கு விற்பதில் லாபமா நஷ்டமா என்று மாணவர்களே கணக்கெடுத்துச் சொன்னால் அது ஊருக்கு உபயோகமான ஆராய்ச்சியாக இருக்கும்.

சட்டம் குறுக்கே நிற்கிறது என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகளில், நாளொன்றுக்குப் பத்து ஆடு வரையிலோ ஐம்பது கோழி வரையிலோ வெட்டும் சிறு தொழிலுக்குச் சாதாரணப் பதிவே போதும் என்று வைத்தார்கள். பெரிய தொழிற்சாலைக்கு உரிய லைசென்சைக் கேட்டு ஒரு சின்னக் கடையைத் தொடங்குமுன்பே சோர்வடையச் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் அதன் நோக்கம். கடை நடத்துவோர் அப்போதைக்கு உள்ள விதிகளை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதுமானது.

ஆடு வைத்திருப்போர் செய்ய வேண்டியது

கடை வந்த பிறகு அதற்கு ஆடு கொடுக்க வேண்டுமானால் விவசாயிகளும் சிலவற்றுக்குப் பழகிக்கொள்ள வேண்டும். முதலாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. குடற்புழு மருந்து கொடுத்த தேதி, ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்ட தேதி, சீக்கு வந்து ஊசி போட்டிருந்தால் என்ன மருந்து, எந்த நாள் என்று அதில் எழுதி வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம். மருந்து கொடுத்த ஆட்டை, மருந்தின் உறையில் குறித்திருக்கும் நாட்கள் கழியும் வரை கறிக்கு விற்கக்கூடாது. மருந்தின் எச்சம் கறியில் தங்கி, தின்பவர் உடம்பில் சேரும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. சாகப்போகிற ஆட்டை ஊசி போட்டு நிறுத்திவைத்து மறுநாள் தள்ளிவிடும் வேலை இந்தக் கடையில் செல்லாது, செல்லவும் கூடாது.

இரண்டாவது, தன் ஆட்டின் எடை தனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடை வருகிற வரைக்கும் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தராசு இல்லாத வீட்டிலும் தையற்காரர் வைத்திருக்கும் இஞ்சு நாடா ஒன்று கிடைக்காமல் போகாது. ஆட்டைச் சமதரையில் நேராக நிறுத்தி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மார்பைச் சுற்றி நாடாவை இறுக்காமலும் தொங்கவிடாமலும் பிடித்து எத்தனை அங்குலம் என்று பார்க்க வேண்டும். அடுத்து, தோள்பட்டை முனையிலிருந்து வாலடியில் உள்ள இடுப்பெலும்பு முனை வரை உள்ள நீளத்தை அளக்க வேண்டும். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஆட்டின் எடை கிலோவில் வந்துவிடும். மார்பு 26 அங்குலம், நீளம் 24 அங்குலம் என்றால் 26-ஐ 26-ஆல் பெருக்க 676. அதை 24-ஆல் பெருக்க 16,224. 660-ஆல் வகுக்கச் சுமார் இருபத்து நாலரைக் கிலோ. சினை ஆட்டுக்கும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்த ஆட்டுக்கும் இது சரிப்பட்டு வராது. காலையில் தீவனத்துக்கு முன்னால் அளப்பது நல்லது.

திங்கட்கிழமை காலை அளந்து எடையை நோட்டில் குறித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை திருப்புவனத்துக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். தரகர் துண்டை எடுத்துக் கையை நீட்டும்போது, ஆடு இருபத்து நாலரைக் கிலோ இருக்கிறது, கிலோவுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று முதல் கேள்வியை விற்கிறவரே கேட்கட்டும்.